வளவுப் பூனைக்குக் கருத்தடை: கிளினிக், கூடு, கொடுத்த காசு

கத்தி வேலைக்கு ஐந்துக்கு ஐந்து. வாய் வேலைக்கு ஐந்துக்கு இரண்டு. காசுக்கு நான்கு. மட்டக்களப்பு டவுனில் எங்கள் வளவுப் பூனைகளுக்குக் கருத்தடை செய்வித்த தனியார் மிருக வைத்திய கிளினிக்குக்கு நான் போடுகிற புள்ளி இவ்வளவுதான். குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் நீங்களாக வாய் திறந்து கேட்க வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கல்லடியில் வீட்டில் வைத்தே இடியப்பம், பிட்டு, சொதி, சம்பல் செய்து விற்கிறவள். குசினிக்குப் பின்னால் தனி அடுப்படி. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு மாமி, பூனைகளுக்குச் சோறு போடுகிறவ. தின்னுவது அங்கே, படுப்பதும் குட்டி போடுவதும் இங்கே. என் அடுப்புச் சாம்பல் சூடு அவைக்கு அவ்வளவு பிடிக்கும். ஒரு முக்கலர்ப் பெட்டை, அதன் மகள் ஒரு சாம்பல் நிறத்தி, கன்னம் உப்பிய செம்மஞ்சள் கடுவன், எந்தப் பக்கத்தால் வருகிறது என்றே பிடிபடாத ஒரு கறுப்பு வெள்ளை. இவை நிரந்தரம். வந்து போகிறவை வேறு. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, “சமைக்கிற இடத்துக்குள்ள மிருகம் வரப்படாது தங்கச்சி, ஒரு வழி பாருங்க” என்று மரியாதையாகத்தான் சொன்னார். அரசாங்க ஆள் மரியாதையாகச் சொன்னால் எனக்குப் பயம் கூடும்.

வழி சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்! முதலாவது, சாக்கு வழி. உரப் பேக்குக்குள் போட்டுக் கட்டி, இரவோடு இரவாகப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சந்தையடியில் விட்டுவிட்டு வருவது. எங்கள் ஒழுங்கையில் இது பரம்பரை வழக்கம். அந்தப் பக்கத்து ஆட்களும் சும்மா இருக்கவில்லை. தங்களுடையதைக் கொண்டுவந்து எங்கள் கடற்கரையில் விட்டுவிட்டுப் போகிறார்கள். கல்லடிப் பாலத்தில் இரண்டு சாக்கும் எதிரெதிரே போயிருக்கும், யார் கண்டது. வளர்ந்த பூனை சில கிலோமீற்றர் தூரத்தில் இருந்தும் திரும்பி வரக்கூடியது. வராமல் போனாலும் இலாபம் இல்லை. சாப்பாடும் ஒதுங்க இடமும் உள்ள வளவை ஒரு பூனை விட்டால் இன்னொன்று வந்து பிடித்துக்கொள்ளும், அதுவும் குட்டி போடும். கொண்டுபோய் விட்டது பால் கொடுக்கிற தாய் என்றால் குட்டிகள் விறகு அட்டிக்குள் கிடந்து கத்திக் கத்திச் சாகும். அதை அள்ளிப் புதைப்பதும் நாங்கள்தான்.

இரண்டாவது வழியைச் சொன்ன ஆளோடு நான் இப்போது அவ்வளவாகக் கதைப்பதில்லை. “கருவாட்டுக்குள்ள கொஞ்சம் வைச்சுப் போடு கா, விடிஞ்சா ஒண்டும் இரிக்காது” என்றார். வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1907இல், மிருகவதைக்கு எதிராக 13ஆம் இலக்கச் சட்டம் போட்டாகிவிட்டது. அதில் எழுதிய தண்டம் நூறு ரூபாய். இன்றைக்கு அந்தக் காசுக்கு ஒரு பிளேன்டியும் ஒரு வடையும் வரும். தண்டத்தை விடுங்கள். நஞ்சு வைத்த கருவாட்டைப் பூனை கவ்விக்கொண்டு போய் எந்த வளவில் போடும் என்று யாருக்குத் தெரியும்? கோழி கொத்தும், நாய் தின்னும், தவழ்கிற பிள்ளை எடுத்து வாயில் வைக்கும். சாப்பாடு விற்கிற வீட்டில் நஞ்சுப் போத்தல் இருக்கிறது என்று பேர் வந்தால் என் வியாபாரமும் அதோடு சரி.

கடையில் விற்கிற சாமான்களும் உண்டு. நப்தலின் உருண்டை, பினாயில், பூனை விரட்டும் ஸ்பிறே என்று ஒன்று. பினாயில் வாசத்துக்குப் பூனை ஒதுங்கும், காய்ந்த பிறகு வரும். அதைவிடப் பெரிய விஷயம், பினாயில், டெட்டோல் வகையில் உள்ள பீனோல் பூனைக்கு நஞ்சு. அதன் ஈரலால் அதைச் சரியாக உடைத்து வெளியேற்ற ஏலாது. நடந்த காலை நக்கினாலே உள்ளே போய்விடும். நப்தலினும் அப்படித்தான், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இன்னும் மோசம். ஸ்பிறேக்குக் கொடுத்த காசைக் கடலில் போட்டிருக்கலாம். மதிலில் நீலம் கரைத்த தண்ணீர்ப் போத்தல் கட்டினால் வராது என்று இவர், என் வீட்டுக்காரர், கட்டிவைத்தார். கடுவன் அந்தப் போத்தலிலேயே மூத்திரம் அடித்துவிட்டுப் போனது.

கணக்கைப் பாருங்கள். பூனை 63 நாள் முதல் 65 நாள் வரை வயிற்றில் சுமக்கும். பெட்டைக்குட்டி நாலு, ஐந்து மாதத்திலேயே கடுவனுக்குக் கத்தத் தொடங்கிவிடும். அதாவது தை மாதம் பிறந்த குட்டி ஆவணிக்குள் தாயாகலாம். பால் கொடுத்துக்கொண்டிருக்கிற தாய்கூட அடுத்த வயிறு தள்ளும். குளிர் நாடுகளில் பகல் குறைகிற மாதங்களில் பூனை இணைசேர்வதை நிறுத்திக்கொள்ளும். எங்களுக்கு மார்கழியிலும் ஆனியிலும் பகல் ஏறக்குறைய ஒரே நீளம், அதனால் வருசம் முழுக்கக் குட்டிதான். ஒரு ஈற்றுக் குட்டிகளுக்கு இரண்டு மூன்று தகப்பன்மார் இருக்கவும் கூடும். எங்கள் முக்கலரின் குட்டிகளைப் பார்த்தால் அதை யாரும் படித்துச் சொல்லத் தேவையில்லை. ஆகவே பெட்டைகளை முதலில் முடிப்பது என்று நானும் இவரும் தீர்மானித்தோம். தூரத்தில் நின்றே பெட்டை எது என்று பார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. கறுப்பு, செம்மஞ்சள், வெள்ளை மூன்றும் கலந்திருந்தால் அநேகமாக எப்போதும் பெட்டைதான். முழுச் செம்மஞ்சள் என்றால் பெரும்பாலும் கடுவன்.

எங்கள் மாவட்டம் மாட்டுக்கும் எருமைக்கும் பேர்போனது. மட்டக்களப்பு எருமைத் தயிரைத் தெரியாதவர் இல்லை. மாட்டாஸ்பத்திரி என்றுதான் நாங்கள் சொல்லியே பழகினோம். மிருக வைத்தியம் படிக்க நாடு முழுவதற்கும் பேராதனைப் பல்கலைக்கழகம் ஒன்றுதான். பூனையின் வயிற்றைத் திறந்து பழகிய கை இங்கே குறைவு என்பது விளங்கும்தானே. அதனால் போகிற இடத்தில், செய்யப்போகிறவர் பட்டம் பெற்றுப் பதிவு எடுத்த மிருக வைத்தியரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஊசி போட மட்டும் பழகிய ஆட்களும் ‘டொக்டர்’ என்ற பேரில் திரிகிறார்கள். நான் போன இடத்தில் சுவரில் சான்றிதழ் மாட்டியிருந்தது. கேட்டபோது டொக்டர் முகம் சுளிக்காமல் அதைக் காட்டினார். முதல் புள்ளி அங்கேயே விழுந்தது.

கிளினிக்குக்கு முன்னால் கூடு. கையால் பிடித்துக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறவர்கள் இந்தப் பந்தியை இரண்டு தரம் படியுங்கள். பழகாத பூனையைச் சாக்கால் மூடிப் பிடித்த பக்கத்து ஒழுங்கைப் பொடியனின் கை மணிக்கட்டு வரை வீங்கியது. பொறிக்கூடு ஆயத்தமாக வாங்க இங்கே கிடைக்கவில்லை. ஆரையம்பதிப் பக்கம் ஒரு வெல்டிங் கடையில் போனில் படம் காட்டிச் செய்வித்தேன். 6,500 ரூபாய். மேலே இருந்து கீழே விழுகிற கதவு, உள்ளே கால் வைத்தால் தாழ்கிற ஒரு தகடு, அதிலிருந்து ஒரு கம்பி. அவ்வளவுதான் யந்திரம். நீளம் மூன்று அடிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் பூனை தகட்டை மிதிக்கும்போது பின்பாதி வெளியே நிற்கும், கதவு முதுகிலோ வாலிலோ விழும். வலைக்கண் அரை அங்குலம். கண் பெரிதென்றால் மூக்கைக் கொடுத்து இடித்து இரத்தம் எடுக்கும். வெல்டிங்காரர் கம்பி நுனிகளை உள்பக்கமாக விட்டிருந்தார். “மச்சான், உள்ள கையை விட்டுப் பாருங்க” என்று இவர் அவருடைய கையையே விட வைத்தார். உடனே அரத்தை எடுத்தார். வேலை சுத்தம், சொன்ன நாளுக்கு மட்டும் தரவில்லை. சொன்ன நாளுக்குத் தருகிற வெல்டிங் கடை எங்காவது இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

கூட்டைக் கொண்டுவந்த அன்றைக்கே பொறி வைக்காதீர்கள். கதவைக் கயிற்றால் மேலே கட்டிவிட்டு, சாப்பாட்டை முதலில் வாசலிலும், பிறகு கொஞ்சம் உள்ளேயும், பிறகு கடைசி மூலையிலும் வைத்துப் பழக்க வேண்டும். நான் முதலில் கீரி மீன் வைத்தேன். கடற்கரைப் பூனைக்கு மீன் என்ன புதினமா? திரும்பியும் பார்க்கவில்லை. டின் மீனின் எண்ணெயை ஒரு சொட்டு வாசலில் இருந்து உள்ளே வரைக்கும் கோடு போட்டு விட்டதும் முக்கலர் தரையை நக்கிக்கொண்டே உள்ளே போனது. அடுத்த முறை கயிற்றை அவிழ்த்தேன். கதவு விழுந்த சத்தத்துக்கு மாமி வீட்டு லைட் எரிந்தது. பூனை கூட்டுக்குள் சுழன்று அடித்தது, வலையைக் கடித்தது, தண்ணீர்ச் சிரட்டை கவிழ்ந்தது. பழைய பெட்சீற்றை முழுதாக மேலே போட்டு மூடினேன். நான் பெட்சீற்றின் நுனியை இழுத்துச் சரிசெய்து முடிப்பதற்குள் உள்ளே அசைவு நின்றுவிட்டது. இருட்டில் பூனை அடங்கும். இந்த ஒரு தகவலை யாராவது முன்னமே சொல்லியிருந்தால் அந்தப் பொடியனின் கை தப்பியிருக்கும்.

இனிக் கிளினிக். முதல் குறை போனில் தொடங்கியது. நேரம் தந்த பிள்ளை, “ஒன்பது மணிக்கு வாங்க” என்றதோடு வைத்துவிட்டா. வெறும் வயிறு என்று ஒரு வார்த்தை இல்லை. கூட்டுக்குள் டின் மீன் வைத்துப் பிடித்த பூனை, இரவு பிடித்திருந்தாலாவது விடிய வயிறு காலியாகியிருக்கும். நாங்கள் பிடித்தது விடியப்புறம். டொக்டர் கூட்டுக்குள் குனிந்து பார்த்து, “எப்ப சாப்பிட்டது?” என்று கேட்டு, உண்மையைச் சொன்னதும், “இண்டைக்குச் செய்ய ஏலாதம்மா” என்று திருப்பி அனுப்பிவிட்டார். மயக்கத்தில் சத்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். டொக்டர் செய்தது முழுக்கச் சரி. ஆனால் ஓட்டோக் காசு, ஒரு நாள் இடியப்ப வியாபாரம், மறுகா முதலில் இருந்து பொறி வைக்கிற வேலை, இவ்வளவும் போனில் ஒரு வசனம் சொல்லாததால் வந்தது. நீங்கள் கேளுங்கள். வளர்ந்த பூனைக்கு இரவுச் சாப்பாட்டோடு நிறுத்த வேண்டும், தண்ணீர் விடியும் வரைக்கும் கொடுக்கலாம். மூன்று நாலு மாதக் குட்டியை அவ்வளவு நேரம் பட்டினி போடக்கூடாது. அதற்கு எத்தனை மணித்தியாலம் என்று தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

காத்திருக்கிற இடம் ஒரு வாங்கும் நாலு பிளாஸ்டிக் கதிரையும். ஜேர்மன் ஷெப்பேர்ட் ஒன்று சங்கிலியோடு எங்கள் கூட்டுக்குப் பக்கத்தில் வந்து மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. பூனையைத் தனியாக வைக்க ஒரு மூலைகூட இல்லை. நான் கூட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். கையொப்பம் வைக்கத் தந்த படிவம் முழுக்க ஆங்கிலத்தில். கல்லடியிலும் காத்தான்குடியிலும் இருந்து வருகிறவர்களிடம் “இறந்தால் நாங்கள் பொறுப்பில்லை” என்று எழுதிய தாளை ஆங்கிலத்தில் நீட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஏஎல் படிக்கிற மகன் வரி வரியாக வாசித்துச் சொன்ன பிறகுதான் பேனை எடுத்தேன். படிவம் தந்த பிள்ளை அதுவரை பொறுமையாக நின்றா, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

டொக்டரின் அறைக்குள் போனதும் எல்லாம் வேறு. கூட்டோடு தராசில் வைத்து நிறுத்து, கூட்டின் நிறையைக் கழித்துத்தான் மருந்தின் அளவு போட்டார். கூட்டின் ஒரு பக்கத்தால் ஒரு பலகையைச் செருகிப் பூனையை மெதுவாக ஒதுக்கி, வலைக்கண் வழியாகவே தொடையில் ஊசி. யாரும் பிடிக்கவில்லை, யாருக்கும் கீறல் இல்லை. அது சரிந்த பிறகு வாயைத் திறந்து முரசை (பல் ஈறை) பார்த்தார். வெளிறி இருந்தால் இரத்தம் குறைவு, அன்றைக்குச் செய்யமாட்டாராம். வயிற்றை விரல்களால் அமர்த்தி, “வயிற்றில குட்டி இல்ல. பால் குடிக்கிற குட்டி வீட்டில இரிக்கா?” என்று கேட்டார். சாம்பல் நிறத்திக்கு இருந்தது, அடுத்த முறை அதற்கும் இதே கேள்வி வந்தது. பால் கொடுக்கிற தாய்க்கு வயிற்றின் நடுவில் வெட்டாமல் விலாப்பக்கம் வெட்டுவார்கள், குட்டிகள் முட்டிக் குடிக்கும்போது தையலில் படாது. கருப்பையை எடுத்தாலும் பால் வற்றாது. அன்றைக்கே கொண்டுபோய்க் குட்டியிடம் விட வேண்டும். இதை எல்லாம் கையுறை போட்டுக்கொண்டே சொன்னார், நல்ல தமிழில்.

முடிந்ததும் கூப்பிட்டுக் காட்டினார். எஃகுத் தட்டில், கவட்டைத் தடி போல இரண்டாகப் பிரிந்த ஒன்று, என் சின்ன விரலைவிட மெல்லியது, இளஞ்சிவப்பு, இரண்டு நுனியிலும் அரிசி அளவில் ஒரு உருண்டை. இதில் இருந்தா இவ்வளவு குட்டி என்று மனம் கேட்காமல் இல்லை. பூனை நாக்கை ஒரு பக்கம் விட்டுக் கண் திறந்தபடி கிடந்தது. அந்த மயக்க மருந்துக்குக் கண் மூடாது, காய்ந்துபோகாமல் இருக்கக் களிம்பு போட்டிருந்தார். இடது விலாவில் சவரம் செய்த ஒரு சதுரம், அதன் நடுவில் ஒன்றரை அங்குலம்கூட வராத வெட்டு. தையல் உள்ளுக்குள்ளேயே, தானாகக் கரைகிற நூல். திரும்பப் பிடித்துத் தையல் வெட்டுவது தெருப்பூனைக்கு நடக்காத காரியம், அதனால் அப்படித்தான் தைப்பாராம். குளிசை கொடுக்க ஏலாது என்பதால் நோவுக்கும் கிருமிக்கும் சில நாள் தாங்குகிற ஊசிகளையும் அங்கேயே போட்டுவிட்டார். ஐந்துக்கு ஐந்து போட்டது இதற்குத்தான்.

வாய் வேலைக்கு இரண்டு போட்டது அடுத்து வந்த பத்து நிமிடத்துக்கு. பூனை தலை தூக்கும் முன்னமே கூட்டில் வைத்து, பில்லை நீட்டி, “நாளைக்குச் சாப்பாடு குடுங்க” என்று அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. ஆறு மணிக்குப் பிறகு போன் எடுக்கவும் ஆள் இல்லை. அடுத்த பூனைக்குப் போனபோது டொக்டரை நிறுத்திவைத்து நானே கேட்டுக் கொப்பியில் எழுதியதை இங்கே தருகிறேன். மயக்கத்தில் உள்ள பூனைக்கு உடம்புச் சூடு இறங்கும். காற்றாடிக்குக் கீழே வைக்கக்கூடாது, துணி விரித்து மூட வேண்டும். நேராக நின்று நடக்கும் வரைக்கும் சாப்பாடும் தண்ணீரும் கிட்ட வைக்கக்கூடாது, தண்ணீர்ச் சிரட்டைக்குள் முகம் விழுந்தே மூச்சு முட்டலாம். கழுத்து நேராக, தலை அடைபடாமல் இருக்கிறதா என்று இடைக்கிடை டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கீழே மணல் வேண்டாம், பேப்பர் போடுங்கள். கடுவனை அடுத்த நாள் விடலாம். பெட்டையை இன்னும் ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்தால் நல்லது, குட்டி இருந்தால் ஒழிய. காயத்தால் ஈரம் வந்தாலோ, வீங்கினாலோ, அடுத்த நாளும் எழும்பாமல் கிடந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

அந்த இரவு மாமி மதிலுக்கு மேலால் எட்டி, “பாவம் மகள், முனகுது. ஒரு பனடோல் பாதி கரைச்சுக் குடுப்பமா?” என்றா. அன்பால் கேட்டதுதான். ஆனால் பூனைக்குப் பரசிற்றமோல் கொடுக்கவே கூடாது. 500 மில்லிகிராம் குளிசை ஒன்றே வளர்ந்த பூனையைக் கொன்றுவிடக் காணும். இரத்தம் ஒட்சிசன் காவுவதை நிறுத்திவிடும், முரசு மண்ணிறமாகும். மாமிக்கு இதைச் சொன்னதும் கையில் இருந்த குளிசையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, “அப்ப எனக்குப் போடுறன், தலையிடி” என்று போய்விட்டா. நாய்க்கு உண்ணி தெள்ளுக்குப் போடுகிற மருந்துகளையும் பூனையில் தடவ வேண்டாம். அவற்றில் சிலவற்றில் இருக்கிற பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பு வரப்பண்ணும்.

காது விஷயம். பல வெளிநாடுகளில் கருத்தடை செய்த தெருப்பூனைக்கு, மயக்கத்தில் இருக்கும்போதே இடது காது நுனியை ஒரு சென்ரிமீற்றர் அளவில் நேராக வெட்டிவிடுவார்கள். தூரத்தில் நின்றே ‘இது முடிந்தது’ என்று தெரியும். இங்கே அதைத் தானாகச் செய்யவில்லை. முக்கலருக்கு விலாவில் மயிர் வளர்ந்து மூடிவிட்டது, இப்போது அதைப் பார்த்தால் யாராலும் சொல்ல முடியாது. நாளைக்கு வேறொருவர் பிடித்துக்கொண்டு போய் இரண்டாம் தரம் வயிற்றைத் திறந்தால்? சாம்பல் நிறத்திக்கும் கடுவனுக்கும் நான் கேட்டு வெட்டுவித்தேன். காசு எடுக்கவில்லை. “காதை வெட்டிப்போட்டாளே பாவி” என்று ஒழுங்கையில் எனக்குப் பேர் வந்தது. வரட்டும்.

கடுவனின் வேலை சீக்கிரம் முடியும். வெட்டும் சின்னது, தையலே இல்லை, அப்படியே ஆறும். ஆனால் முடிந்த அடுத்த நாளே அவன் சந்நியாசி ஆகிவிடமாட்டான். உள்ளே தங்கியிருக்கிற விந்து தீர ஒரு மாதம் வரைக்கும் ஆகலாம். மூத்திரம் அடிப்பதும் சண்டையும் பிறகு பிறகுதான் குறைந்தன. இரவில் கூரைமேல் நடந்த கச்சேரி நின்றதே எனக்குப் பெரிய காசு. விடியப்புறம் எழும்ப வேண்டிய ஆளுக்கு அந்த நித்திரை வேணும்.

காத்தான்குடியில் இருந்து விடிய வந்து இடியப்பம் எடுக்கிற ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்) இருக்கிறார். கூட்டைக் கண்டுவிட்டு முதலில் முகம் மாறிவிட்டார். பூனையைக் கட்டிவைத்துச் சோறு தண்ணி கொடுக்காமல் விட்ட பெண் நரகம் போன ஹதீஸை எனக்குச் சொன்னார். நான் டின் மீனைக் காட்டினேன், பில்லையும் காட்டினேன். எட்டாயிரத்து ஐந்நூறா என்று கேட்டுச் சிரித்தார். அடுத்த முறை கூடு அவருடைய ஓட்டோவில்தான் போனது, காசு வாங்க மறுத்துவிட்டார். மாமியோடு செய்த உடன்பாடு வேறு. சோறு போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை, சொன்னாலும் நிறுத்தமாட்டா. நேரத்துக்கு, ஒரே இடத்தில், தன் பக்கத்து மூலையில் வைத்து, தின்று முடிந்ததும் கோப்பையைத் தூக்கிவிட வேண்டும். மீதிச் சோறு கிடந்தால் புதுப் பூனையும் எலியும் வரும். எனக்கும் ஒரு பங்கு, என் பக்கத்து மீன் குடலையும் செவுளையும் மூடி உள்ள வாளியில் போட்டுப் புதைப்பது.

மணலைப் பற்றி ஒரு சொல். எங்கள் கரையோர வளவுகள் முழுக்கக் கடல் மணல். பூனைக்கு இதைவிட வசதியான கக்கூஸ் உலகத்தில் கிடையாது. பூனைப் பீயால் வருகிற கொக்கிப் புழுவின் குஞ்சு மணலுக்குள் இருந்து வெறுங்காலில் ஏறும், தோலுக்குக் கீழே கோடு கோடாக ஊர்ந்து அரிக்கும். கர்ப்பிணிகள் உள்ள வீட்டில் இன்னொரு கவனம், டொக்ஸோபிளாஸ்மா. அந்தக் கிருமி பீயில் வெளியே வந்து தொற்றுகிற நிலைக்கு மாற ஒன்று முதல் ஐந்து நாள் எடுக்கும். ஆகவே நாளாந்தம் அள்ளிவிட்டால் ஆபத்தில் பெரும்பகுதி குறையும், கர்ப்பிணி அல்லாத ஒருவர் அள்ள வேண்டும். நான் அடுப்படியைச் சுற்றிப் பனை மட்டையைக் கருக்கு மேலே இருக்கப் பரப்பிவிட்டேன். ஒரு மூலையில் மட்டும் மணலைக் கிளறி மெதுவாக விட்டிருக்கிறேன். இப்போது அங்கேதான் போகின்றன. ஸ்பிறேக்குக் கொடுத்த காசுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள், செலவே இல்லை.

விசருக்கான (ரேபீஸ்) ஊசியைப் பூனை மயக்கத்தில் இருக்கும்போதே போடச் சொல்லிக் கேளுங்கள், அதற்குத் தனிக் காசு. இலங்கையில் விசர் நோய் பெரும்பாலும் நாயால்தான் வருகிறது, ஆனால் பூனையாலும் வரும். கடித்தாலோ கீறி இரத்தம் வந்தாலோ ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் இருக்கிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன்.

காசு: என்னிடம் பெட்டைக்கு 8,500 ரூபாய், கடுவனுக்கு 5,000 எடுத்தார்கள். வளர்ப்புப் பூனை இல்லை, வளவுக்கு வருகிறது என்று சொன்னால் கொஞ்சம் குறைக்கிறார்கள், அதையும் கேட்டால்தான். இவ்வளவு காசை ஊருக்குப் பொதுவான பூனைக்கு ஒரு வீடு தனியாகக் கொடுப்பது நியாயமா என்று இவர் கேட்டார். கேள்வி சரிதான். ஒழுங்கையில் மூன்று வீட்டைச் சேர்த்துக்கொண்டு கூட்டை வாடகையில்லாமல் இரவல் கொடுக்கிறேன், பெட்டைக்கான காசில் பாதியை அந்தந்த வீடு போடுகிறது. மாமி தன் பென்சனில் இருந்து ஒன்றுக்கு முழுக்காசும் தந்தா. புள்ளியில் ஒன்று குறைத்தது பில்லில் மருந்து வாரியாக விபரம் எழுதாததற்கு.

திரும்பப் போவேனா? போவேன், அதே டொக்டரிடம். கறுப்பு வெள்ளை இன்னும் பிடிபடவில்லை. அது கூட்டுக்குப் பின்னால் நின்று வலைக்கண்ணுக்குள் நகத்தை விட்டு டின் மீனை இழுத்துத் தின்னக் கற்றுவிட்டது. பின்பக்கம் ஒரு அடி உயரத்துக்குத் தகடு அடிக்கக் கூட்டை மறுபடியும் வெல்டிங் கடைக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் போவதாக இருந்தால் வார நாளில் காலை முதல் ஆளாகப் போங்கள். சனி, ஞாயிறு நாய்களுக்கு ஊசி போட வருகிற கூட்டம், கூட்டை மடியில் வைத்துக்கொண்டு நிற்கக்கூட இடம் கிடைக்காது.